எனக்கு மட்டும் ஒரு நாற்காலி

ஜனவரி 14, செவ்வாய்

புறப்படும்போது மிஷன் சங்கத்தில் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் கொடுத்தார்கள். ஒன்றில் ஊழிய அறிக்கை எழுதி மாதாமாதம் அனுப்ப வேண்டும். அதை இவர் எடுத்துக்கொண்டார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் லாக் புக் எழுதின கை, சும்மா இருக்குமா? மற்றதை நான் எடுத்துக்கொண்டேன். அறிக்கையில் எழுத முடியாததெல்லாம் இதில்.

பின்னால் எடுத்துப் படிக்கிறவர்கள் முழிக்கக் கூடாது, அதனால் யார் என்ன என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் மேரி ஞானப்பூ. வயது அறுபத்துநாலு. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருஷம் பிரசவ வார்டு சிஸ்டர். இவர் அருமைநாயகம், அறுபத்தெட்டு. வந்திருப்பது ஆப்பிரிக்காவில் மலாவி தேசத்துக்கு. முலாஞ்சே மலையடிவாரத்தில் நாமிகாங்கோ என்று ஒரு கிராமம். இவருக்கு மிஷன் பள்ளிக்கூடத்துச் சோலார், தண்ணீர் பம்பு, ஒயரிங் வேலை. எனக்குத் தாய்சேய் கிளினிக்கில் உதவி, பெண்கள் ஐக்கியத்தில் உதவி. கடிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

வந்து நாலு நாள் ஆகிறது. வீட்டுக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. "கல்யாணம் ஆன புதுசுலயே இப்படி ஒரு வீடு கெடைச்சிருக்கணும்" என்கிறார் இவர். கொழுப்பு.

ஜனவரி 19, ஞாயிறு

முதல் ஆராதனை. கோயிலுக்குள் ஆண்கள் வலப்பக்கம் பெஞ்சில், பெண்கள் இடப்பக்கம் பாயில். நூறு பெண்களாவது இருப்பார்கள். எல்லாரும் காலை நேராக நீட்டி, இடுப்பில் கட்டிய பூப்போட்ட துணியால் முழங்காலை மூடி, தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பிள்ளையை அடுத்தவள் மடியில் போட்டுவிட்டுப் பாடுகிறாள். பார்க்கவே ஆசையாக இருந்தது.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாய் ஒரு பாயைப் பார்த்துப் போனேன். போனதுதான் தாமதம், ஐக்கியத் தலைவி நமலோம்பா அம்மாள் கையைத் தட்டினார். எங்கிருந்தோ ஒரு நீலப் பிளாஸ்டிக் ஸ்டூல் தலைகளுக்கு மேலேயே கைமாறிக் கைமாறி வந்து என் முன்னால் இறங்கியது.

"உக்காருங்க அமாயி, உக்காருங்க."

அமாயி என்றால் அம்மா. நமலோம்பா ஆள் நல்ல உயரம், நல்ல அகலம், குரலும் அதற்குத் தக்கபடி. அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல எனக்கே தைரியம் வரவில்லை. நூறு பேர் கீழே, நான் ஒருத்தி மேலே. கோழிக் கூண்டின் மேல் ஏறி நின்ற சேவல் மாதிரி இரண்டு மணி நேரம் இருந்தேன்.

மதியம் பாஸ்டர் சிம்வாஸா வீட்டில் சாப்பாடு. எல்லாருக்கும் மக்காச்சோள மாவில் கிண்டிய களி. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் அரிசிச் சோறு. விருந்தாளிக்கு அதுதான் மரியாதையாம்.

(இந்த ஊர்க்காரர்கள் பேசுவது சிச்சேவா. எனக்குப் புரிகிற மட்டும் நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதிக்கொள்கிறேன். என் காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. புரியாததை நமலோம்பாவின் மருமகள் தோக்கோ இங்கிலீஷில் சொல்லிவிடுகிறாள். தங்கமான பிள்ளை. கைக்குழந்தைக்காரி.)

பிப்ரவரி 6, வியாழன்

கிளினிக் நாள். மாமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, பிள்ளைகளைத் துணிப் பையில் போட்டு மாட்டி எடை பார்க்கிறார்கள். பிள்ளைகள் அலறுகிற அலறலில் எனக்கு வார்டு ஞாபகம் வந்துவிட்டது. கை பரபரவென்றது. எழுந்துபோய் ஒரு தடியனைத் தூக்கினேன். நாலு பேர் ஓடிவந்து அவனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். "ஐயோ அமாயி, நீங்க ஏன் சிரமப்படுதீங்க, உக்காருங்க."

சிரமமா! மூவாயிரம் பிள்ளை எடுத்த கை இது.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று உறுதியாக இருந்தேன். ஸ்டூல் வந்ததும் "வேண்டாம்" என்று சைகை காட்டிவிட்டுப் பாயில் உட்காரக் குனிந்தேன். குனியத்தான் செய்தேன், அதற்குள் இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்து நிமிர்த்திவிட்டார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

போன வாரம் ஸ்டூல் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? ஸ்டூல் தரம் போதவில்லை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இன்று கைப்பிடி வைத்த வெள்ளை நாற்காலி வந்தது.

மார்ச் 6, வியாழன்

வெள்ளை நாற்காலியிலும் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன், வீம்புக்கு. நான் நின்றதால் எல்லாப் பெண்களும் எழுந்து நின்றார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் உட்பட. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று பாஸ்டர் வீட்டுக் குஷன் நாற்காலி. இவர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "இன்னும் ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லு பூ, சிங்காசனமே வந்துரும்."

"நீங்க பேசாதீங்க. ஒங்களுக்கென்ன, போற எடத்துல எல்லாம் ஸ்க்ரூ டிரைவரக் கையில குடுக்காங்க."

உண்மைதானே? பள்ளிக்கூடத்துப் பையன்கள் இவரை ஏணியில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று அதிகாரம் பண்ணுகிறார்கள். சாயங்காலம் கையெல்லாம் கிரீஸோடு வந்து, கோட்டையைப் பிடித்துவிட்டவர் மாதிரி நிற்கிறார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, மடிப்புக் கலையாத சேலையோடு வருகிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இனி அடித்துத் திருத்த மாட்டேன்.

மார்ச் 15, சனி

ஆல்ட்ரின் பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். எங்கள் மகன், ஒரே மகன். "எம்மா, இந்த வயசுல அங்க என்ன கெடக்கு? இங்க வந்து சும்மா ரெஸ்ட்டா இருக்க வேண்டியதுதான?"

ஓய்வு பெற்றதும் அவன் வீட்டில் ஏழு மாதம் இருந்தோம். மருமகள் ரேஷ்மா நல்ல பிள்ளை, ஒரு குறை சொல்லக் கூடாது. காலையில் தட்டில் வைத்துக் காபி வரும். அடுக்களைப் பக்கம் போனால், "அத்தை, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிடுதேன்." வெங்காயம் உரிக்கப் போனால், "நீங்க உக்காருங்க." பேரனுக்கு ஒரு சட்டை துவைக்கப் போனால் மிஷின் இருக்கிறது, "நீங்க உக்காருங்க." சோபாவில் என் இடத்தில் குழி விழுந்துவிட்டது.

ஊழியத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டபோது இவர் வேதத்திலிருந்து பதில் சொன்னார். நான், "இவர் வாராரு, நானும் வாரேன்" என்றேன். அவ்வளவுதான்.

மார்ச் 22, சனி

மழை விட்டு வெயில். சாம்பார்ப் பொடி காயவைத்தேன். பல்லி ஒன்று விழுந்து தானாகவே வெளியே ஓடிவிட்டது, அதற்கே காரம் தாங்கவில்லை.

மதியம் இவர் பள்ளிக்கூடத்தில் இருந்து சீக்கிரம் வந்துவிட்டார். நான் அறைக்குள் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னட்டி தேடுத?"

"பட்டன் ஒண்ணு விழுந்துட்டு."

"சேலையில ஏது பட்டன்?"

தேடுகிற மாதிரியே தரையைத் தடவினேன். கட்டில் காலைப் பிடித்து எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. ஊரில் முழங்கால் டாக்டர் தரையில் உட்காரவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். டாக்டர்கள் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். முப்பத்துநாலு வருஷம் பார்த்தவள் நான்.

மார்ச் 29, சனி

பட்டன் தேடினேன். பதினொரு நிமிஷம்.

ஏப்ரல் 5, சனி

பட்டன். பதினெட்டு நிமிஷம். எழுந்திருக்கத்தான் இவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 16, புதன்

சங்கத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது. ஆறு மாதத்து முதல் கட்டம் முடியப் போகிறது. இன்னும் இரண்டு வருஷம் தொடர்கிறோமா, திரும்புகிறோமா என்று மே முப்பத்தொன்றுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டால் இரண்டு பேரும் ஊருக்கு.

இவர் பேனா மூடியைத் திறந்து, "தொடர்கிறோம்" என்ற கட்டத்தில் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளினார். எல்லாம் ஒரே மூச்சில்.

"நான் போட மாட்டேன்" என்றேன்.

மனுஷர் முகம் சுருங்கிவிட்டது. "ஏன்? மூட்டு வலியா?"

"மூட்டுக்கு என்ன கேடு. நான் என்னத்துக்கு இங்கன? உக்காந்து திங்கவா? அதுக்கு ஆல்ட்ரின் வீட்டு சோபா போதாதா? ஒரு வேலை, ஒரே ஒரு வேலை எங்கையில குடுக்கட்டும், போடுதேன். இல்லைன்னா என்னைய ஊருக்கு அனுப்பிருங்க."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. நான் எதிர்பார்க்கவில்லை. இவரும் எதிர்பார்க்கவில்லை, கையில் இருந்த கிரீஸ் துணியையே கண் துடைக்க நீட்டினார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்த்தெழுந்த பண்டிகை. விடியற்காலையில் பெண்கள் ஊரைச் சுற்றிப் பாடிக்கொண்டே போனார்கள், ஆடிக்கொண்டும்தான். எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு பாட்டு முழுக்கப் பாடினார்கள். அதன் பிறகு மற்ற வீட்டுப் பெண்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்குக் கும்பிடு போட்டார்கள்.

படிவம் மேசையில், சாம்பார்ப் பொடி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.

மே 10, சனி. காலை பதினொன்றரை மணி

சோபாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம், சோபா! இன்று அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகை, மக்காச்சோள அறுவடைக்கு நன்றி சொல்கிற நாள். ஆறு ஊர்ச் சபைகளிலிருந்து பெண்கள் வருகிறார்கள். அதற்காக ஊர்த்தலைவர் வீட்டுச் சோபாவை ஒரு சைக்கிளின் பின்னால் கட்டி, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, மூன்று மைல் தள்ளிக்கொண்டு வந்து, மாமரத்தடியில் போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். இவர் வாக்குப் பலித்துவிட்டது.

ஆனால் நான் இப்போது சந்தோஷமாக இருக்கிறேன். ஏன் என்று எழுதத்தான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

எனக்கு எதிரே ஆறு அடுப்பு, ஆறு பெரிய பானை. நமலோம்பா அம்மாள் தலைமையில் களி கிண்டுகிறார்கள். தண்ணீரில் முதலில் கொஞ்சம் மாவு கரைத்துக் கஞ்சி மாதிரிக் கொதிக்க விட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டது, வெளியூர்ப் பெண்கள் வந்துவிட்டார்கள். எல்லாரும் துடுப்பைப் போட்டுவிட்டுப் பாடிக்கொண்டே எதிர்கொண்டு போய்விட்டார்கள். அடுப்பைப் பார்த்துக்கொள்ளத் தோக்கோவை நிறுத்திவிட்டுப் போனார்கள். அவள் பிள்ளை அழுதது. பால் கொடுக்கக் குடிசைக்குப் பின்னால் போனாள்.

நாலு மாதத்தில் முதல் தடவையாக என்னைப் பார்க்க ஆள் இல்லை.

எழுந்தேன். பானைகள் பக்கம் போனேன். ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தேன். உப்பே இல்லை! ஆறு பானையிலும் பார்த்தேன், ஒன்றிலும் இல்லை. அவசரத்தில் மறந்துபோய்விட்டார்கள். முந்நூறு பேருக்குச் சாப்பாடு, உப்பில்லாமல்! பக்கத்திலேயே கருவாட்டுக் குழம்புக்கு வைத்திருந்த உப்புச் சட்டி இருந்தது. வார்டில் இருந்த காலத்தில் ஸ்தோத்திரப் பண்டிகை அசன விருந்துக்கு நான் போடாத உப்பா? ஒரு பானைக்கு ஐந்து கை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு குருவிகூடப் பார்க்கவில்லை.

ஐக்கியத்தின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். எனக்குத் தெரிந்தால் போதும்.

அதே நாள், மாலை

சாப்பாட்டில் கொஞ்சம் குறை வந்துவிட்டது. தலை வலிக்கிறது. நாளை எழுதுகிறேன்.

மே 11, ஞாயிறு

தலைவலி. கோயிலுக்குப் போகவில்லை. இவர் மட்டும் போனார்.

சரி, எழுதிவிடுகிறேன். இந்த ஊரில் களிக்கு உப்பே போட மாட்டார்களாம். குழம்பில்தான் உப்பு. எனக்கு எப்படித் தெரியும்? போன இடமெல்லாம் எனக்குச் சோறல்லவா போட்டார்கள்? அதோடு நம் ஊரில் என் கை அளவு கல் உப்புக்கு. இங்கே இருப்பது தூள் உப்பு. கல் உப்பு ஒரு கை என்றால் தூள் உப்பு அரைக் கைதான் போட வேண்டும். வாயில் வைக்க முடியவில்லை. வெளியூர்ப் பெண்கள் மரியாதைக்கு விழுங்கினார்கள். பாஸ்டர் நாலு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிள்ளைகளுக்கு மரியாதை ஏது, துப்பிவிட்டார்கள். போகிறபோது லாரியில் ஏறி நின்று ஒரு பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டே போனார்கள். நாமிகாங்கோப் பெண்கள் கடலையே பானையில் வைத்துக் கிண்டிவிட்டார்கள் என்று பாட்டு. கைதட்டி, ஆடி, சிரித்து, ரோடு திரும்புகிற வரைக்கும் பாடினார்கள்.

நமலோம்பா அம்மாள் பாட்டு மறைகிற வரை நின்றார். பிறகு தோக்கோவைக் கூப்பிட்டார். அடுப்பைப் பார்த்துக்கொண்டது அவள்தானே? ஊர் முன்னால் வைத்து வெளுத்து வாங்கிவிட்டார். அந்தப் பிள்ளை கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நான் போடல, நான் போடல" என்றது. யார் நம்புவார்கள்?

நான் அப்போதே எழுந்து சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். சோபா ரொம்ப ஆழம்.

மே 12, திங்கள்

தலைவலி. காலையில் இட்லிக்கு அரைக்கவில்லை. இவர் ரொட்டியை டீயில் முக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"தோக்கோவ இனி ஐக்கியத்துச் சமையல்ல சேக்க மாட்டாங்களாம். கிறிஸ்மஸ் வரைக்கும்."

"அப்படியா?"

"பாவம் அந்தப் பிள்ள. நேத்து கோயில்ல கடைசிப் பாய்ல தனியா இருந்துச்சி."

நான் பாத்திரத்தைத் துலக்கினேன். துலக்கின பாத்திரத்தையே துலக்கினேன்.

"பூ" என்றார் இவர். "பையங்க கூட உக்காந்து அந்தக் களிய வாயில வச்ச ஒடனே எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருசமா ஒங்கையால திங்குதேன். ஒன் கை உப்பு எனக்குத் தெரியாதா?"

பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"நான் அறிக்கையில எழுத மாட்டேன். ஆனா நீ போய்ச் சொல்லிரு."

"சொன்னா என்ன நெனப்பாங்க? ஊழியம் பண்ண வந்தவ திருட்டுத்தனமா உப்பு அள்ளிப் போட்டுட்டு, பச்ச ஒடம்புக்காரி மேல பழி விழுகத பாத்துக்கிட்டு சோபாவுல இருந்தான்னா? இனிமே நாற்காலி கூடக் குடுக்க மாட்டாங்க."

"நாற்காலிதான் ஒனக்கு வேண்டாமே" என்றார்.

இந்த மனுஷரை என்ன செய்வது?

மே 14, புதன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐக்கியக் கூட்டம். காணிக்கையாக வந்த மக்காச்சோளக் கதிர் கோயிலுக்குப் பின்னால் மலையாய்க் குவிந்துகிடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கஞ்சிக்காக அதை உதிர்க்க வேண்டும். முப்பது நாற்பது பேர் வட்டமாய்ப் பாயில் இருந்தார்கள். தோக்கோ வட்டத்துக்கு வெளியே. எனக்குப் பாஸ்டர் வீட்டுக் குஷன் நாற்காலி.

நான் உட்காரவில்லை. இரண்டு நாளாய் மனப்பாடம் செய்த சிச்சேவா நாலு வாக்கியம். அதில் மூன்று மறந்துவிட்டது. நான் உப்புச் சட்டி இருந்த திசையைக் காட்டி, என் நெஞ்சில் கை வைத்து, ஐந்து விரலை விரித்து ஐந்து தரம் அள்ளிப் போடுகிற மாதிரிச் செய்தேன். "தோக்கோ இல்லை. நான்." அது மட்டும் ஞாபகம் இருந்தது.

முப்பது பேரும் கையில் இருந்த கதிரைக் கீழே வைத்தார்கள். தோக்கோ வாயைப் பொத்திக்கொண்டாள். நமலோம்பா அம்மாள் மெதுவாக எழுந்தார்.

"நீங்களா?"

"நான்தான்."

"ஆறு பானையிலயுமா?"

"ஆறுலயும்."

"ஏன்?"

"உப்பில்லாம இருந்துச்சி. மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"மறந்துட்டோமா?" அந்தக் குரல் மலையில் போய் இடித்துவிட்டு வந்திருக்கும். "எங்கம்மா போட்டது கெடையாது, எங்கம்மாவோட அம்மா போட்டது கெடையாது, நான் மறந்துட்டேனா? நாப்பது வருசமா இந்த ஊருக்குக் களி கிண்டுதேன்! ஆறு ஊர்க்காரி பாட்டுக் கட்டிட்டுப் போயிட்டா! எம்மருமகள நாலு நாளா நான் மொகங்குடுத்துப் பாக்கல! கேக்கதுக்கு வாய் இல்லையா ஒங்களுக்கு? அடுப்படியில நிக்கவளுக்கு முதல்ல கண்ணு வேணும், பெறகு வாயி வேணும், கடைசியிலதான் கையி! யாரக் கேட்டு அள்ளிப் போட்டீங்க? சொல்லுங்க! யாரக் கேட்டு?"

பாதி எனக்குப் புரிந்தது. மீதியைத் தோக்கோ இங்கிலீஷில் சொன்னாள். பிறகு அவளும் நிறுத்திவிட்டாள். நமலோம்பா நிறுத்தவில்லை. இடுப்பில் ஒரு கை, என் மூக்குக்கு நேரே ஒரு விரல்.

நான் தலையைக் குனிந்து நின்றேன். ஆனால் உள்ளே ஒன்று துள்ளிக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரியாதா இந்த ஏச்சு? வார்டில் நான் ஏசாத நர்ஸ் உண்டா? ஊசியைக் கொதிக்க வைக்காதவளை, பிள்ளைக்குப் பெயர் அட்டையை மாற்றிக் கட்டினவளை, இதே விரல், இதே இடுப்பு. ஆனால் மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தவர்களை, நாங்கள் தட்டில் பிஸ்கட் வைத்து உபசரித்தவர்களை, ஒருநாளும் ஏசினது கிடையாது. அவர்கள் என்ன தப்புப் பண்ணினாலும், "பரவால்ல சார், உக்காருங்க சார்." நம்மவளைத்தானே ஏச முடியும்?

ஐயோ, ஏசட்டும், நன்றாக ஏசட்டும் என்று நின்றேன்.

ஒருவழியாய் மூச்சு வாங்க நிறுத்தினார். சுற்றிலும் இருந்தவர்கள் பயந்துபோயிருந்தார்கள். விருந்தாளியை இப்படிப் பேசிவிட்டாரே, அவள் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால்? நமலோம்பாவுக்கும் அப்போதுதான் உறைத்தது போல. விரலை மடக்கினார்.

நான் தோக்கோவிடம் போய் அவள் கையைப் பிடித்து, "மன்னிச்சிரு தாயி" என்றேன். தமிழில்தான் வந்தது. அவள் என் கையை விடவில்லை. பிறகு நமலோம்பாவிடம் திரும்பி, "பானையக் கெடுத்தா ஒங்க ஊர்ல என்ன தண்டனை?" என்று கேட்கச் சொன்னேன்.

தோக்கோ கேட்டாள். நமலோம்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குஷன் நாற்காலியைப் பார்த்தார். அதை ஒரு கையால் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, பாயில் தம் பக்கத்தில் கிடந்த கதிர்களைக் காலால் ஒதுக்கினார்.

"ஒரு மூட்டை உதுத்தணும்" என்றார். "இங்கன உக்காருங்க."

உட்கார்ந்தேன்! பட்டன் தேடினது வீண்போகவில்லை. காலை நீட்டினேன். ஒருத்தி தன் துணியை அவிழ்த்து என் முழங்காலில் போட்டாள். நமலோம்பா ஒரு கதிரை எடுத்து, முதல் வரிசையைக் கட்டைவிரலால் எப்படி நெம்ப வேண்டும் என்று காட்டினார். எனக்கு வரவில்லை. "அப்படி இல்ல" என்று கையில் ஒரு தட்டு. மறுபடியும் வரவில்லை. மறுபடியும் தட்டு. மூன்றாவது கதிரில் வந்துவிட்டது. மணி பொலபொலவென்று மடியில் விழுந்தது.

அதற்குள் யாரோ ஒருத்தி அந்தக் கடல் பாட்டை மெதுவாய் முணுமுணுத்தாள். நமலோம்பா முறைத்தார். அவள் நிறுத்தவில்லை. இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். கடைசியில் நமலோம்பாவே தோளைக் குலுக்கிச் சிரித்து, இரண்டாவது அடியில் "நாமிகாங்கோப் பெண்கள்" என்று வருகிற இடத்தில் "பூ அம்மாள்" என்று மாற்றிப் பாடினார். அதன் பிறகு கேட்க வேண்டுமா? முப்பது பேரும் பாடினார்கள். தோக்கோதான் சத்தமாய்ப் பாடினாள். நான் பிள்ளை குட்டி பெற்ற நாளிலிருந்து இப்படிச் சிரித்ததில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. கட்டில் கால் இல்லையே! மூட்டு இரண்டும் பூட்டிக்கொண்டன. நமலோம்பா ஒரு பக்கம், தோக்கோ ஒரு பக்கம், கக்கத்தில் கை கொடுத்து ஒரே தூக்கு. தூக்கும்போதும் இரண்டு பேரும் வேறு ஏதோ பேசிக்கொண்டேதான் இருந்தார்கள், மூட்டையைத் தூக்கி வைக்கிற மாதிரி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் இவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், முகமெல்லாம் கவலை. "என்னட்டி ஆச்சி? ஏசிட்டாங்களா?"

"ஏ, அப்படி ஒரு ஏச்சுங்க!" என்றேன். "அரை மணி நேரம்!"

மனுஷருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கட்டைவிரலில் இருந்த கொப்புளத்தைக் காட்டினேன். பெரியது.

மே 21, புதன்

காலையில் இட்லி அவிக்கப்போய் நேரமாகிவிட்டது. ஓட்டமும் நடையுமாய்ப் போனேன். கோயிலுக்குப் பின்னால் எல்லாரும் உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஒரு நாற்காலியும் வரவில்லை. நமலோம்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இதான் வார நேரமா?" என்று ஒரு அதட்டல் போட்டு, நகர்ந்து இடம் விட்டார்.

குஷன் நாற்காலி சுவரோரம் கிடந்தது. தோக்கோவின் பிள்ளை அதில் தூங்கிக்கொண்டிருந்தது.

மதியம் எல்லாருக்கும் களி வந்தது, கீரைக் குழம்போடு. எனக்கும் களிதான். களியில் உப்பு இல்லை. எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் சொல்லவில்லை.

மே 24, சனி

சாம்பார்ப் பொடி டப்பாவைத் தூக்கிப் படிவத்தை எடுத்தேன். ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. "தொடர விரும்புவதற்கான காரணம்" என்று ஒரு இடம் விட்டிருக்கிறார்கள். இவர் அதில் அழகான கையெழுத்தில் ஒரு வசனம் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நான், "இன்னும் பதினொரு மூட்டை உதிர்க்க வேண்டியது இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இவர் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

சாயங்காலம் ஆல்ட்ரின் போன். சேதி சொன்னேன். அவன் கேட்டான்: "எம்மா, முட்டுக்கால வச்சிக்கிட்டு இன்னும் ரெண்டு வருசமா? தரையில வேற உக்காருதியளாமே, அப்பா சொன்னாங்க. எந்திரிக்க முடியுதா ஒங்களால?"

"முடியலய்யா" என்றேன். "ரெண்டு பேரு தூக்கி விடணும். இங்கன இருக்காங்க."